மருந்துக்குக் கேட்காத காணாக்கடி

1

என் மகள் அபிக்குப் பதினாறு வயது நிறைந்த கிழமையில் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நோர்வேக்கு வந்து இத்தனை வருடமாகிவிட்டது. பேர்கன் நகரத்து மழையிலும் பனியிலும் பஸ் ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனாலும் அரசாங்க உறையை இன்றைக்கும் எதையோ செய்துவிட்டுப் பிடிபட்டவன் மாதிரித்தான் பிரிப்பேன். இனிமேல் உங்கள் மகளின் உடல்நலம் பற்றிய விபரம் எதையும் அவருடைய சம்மதமில்லாமல் உங்களுக்குச் சொல்ல மாட்டோம், அவர் விரும்பினால் மட்டும் நீங்கள் வைத்தியரின் அறைக்குள் வரலாம் என்று மிகவும் பணிவாக எழுதியிருந்தார்கள்.

"பெத்த தேப்பனுக்குச் சொல்லமாட்டினமாம்" என்று சத்தம் போட்டேன்.

மனைவி சுதா கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். "நீங்கள் போய்க் கதைச்சுக் கிழிச்சது காணும்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அபிக்கு நான்கு மாதமாக உடம்பெல்லாம் தடித்துத் தடித்து வந்துகொண்டிருந்தது. முதலில் நுளம்பு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. அரை மணித்தியாலத்தில் அது பக்கத்துத் தடிப்போடு சேர்ந்து உள்ளங்கையளவு சிவந்து நிற்கும். பின்னேரம் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றும் இராது, முதுகில் புதிதாகக் கிளம்பியிருக்கும். எங்கள் பக்கத்தில் இதைக் காணாக்கடி என்பார்கள். கடித்தது எதுவென்று காண மாட்டோம், கடி மட்டும் இருக்கும். இந்த நாட்டு மொழியில் எல்வபிளெஸ்ட் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத காட்டுத் தேவதைகள் ஊதிவிட்டுப் போவதால் வருவதென்று இங்குள்ள பழைய ஆட்கள் நம்பினார்களாம். இந்த ஒரு விசயத்தில் அவர்களும் நாங்களும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

அந்த நோர்வேஜியச் சொல் அப்போது எனக்குத் தெரியாது. குடும்ப டொக்டரிடம் முதல்முறை கூட்டிப் போனபோது, அரிப்பையும் கடி என்றே சொல்லிப் பழகிய நான், "பிள்ளைக்கு உடம்பெல்லாம் கடிக்குது" என்பதை அப்படியே அவர்கள் மொழியில் சொல்லிவிட்டேன். ஏதோ ஒன்று என் மகளை நாள் முழுக்கக் கடிக்கிறது என்று அந்த மனுசன் விளங்கிக்கொண்டார். வீட்டில் மூட்டைப்பூச்சியை ஒழிப்பது எப்படி என்று ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் தந்து, மெத்தைகளைச் சோதிக்கச் சொன்னார். அபிக்கு முகம் சிவந்துபோயிற்று. வெளியே வந்ததும், "அப்பா, இனி நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. நான் கதைக்கிறன்" என்றாள்.

2

தோல் வைத்தியரிடம் போன அன்று அவள் தனியாகத்தான் உள்ளே போனாள். "வரட்டோ?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தியில் இறங்கப் போகிற பயணி சொல்வதுபோல இலேசாகச் சொன்னாள். நான் நடையில் ஒரு கதிரையில் இருந்தேன். எதிரே சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதை நாற்பது நிமிடம் படித்தேன்.

வரும்போது காரில் அவளாகவே சொன்னாள். அவளுக்குச் சொல்ல விருப்பம் வந்தால் நன்றாகச் சொல்லுவாள்.

"இவ்வளவு நாளும் குடும்ப டொக்டர் தந்த குளிசை ஒரு நாளைக்கு ஒண்டுதானே போட்டனான். அது காணாதாம். ஒரு நாளைக்கு நாலு போடவேணுமாம். அதுக்கும் கேக்காட்டித்தான் ஊசியாம்."

"நாலோ?"

"ஓம். ஊசி வேணுமெண்டு கனபேர் வாறவையாம். விசாரிச்சுப் பாத்தா, மருந்தை ஒழுங்கா, காணுமான அளவு போட்டிருக்கவே மாட்டினமாம். அதாலை டொக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டவ, உண்மையாப் போட்டனீயோ, நீயே எடுத்துப் போட்டனீயோ, வேறை ஆரும் தாறவையோ எண்டு."

நான் காரை ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பி நிறுத்தினேன். பெற்றோல் அரைத் தாங்கிக்கு மேல் இருந்தது. "என்னப்பா?" என்றாள் அபி. "ஒண்டுமில்லை, கோப்பி குடிப்பம்" என்றேன். கோப்பியை வாங்கிக்கொண்டு வந்து ஏறியபோது அது சீற்றில் ஊற்றுப்பட்டது. அவள்தான் துடைத்தாள்.

அன்றைக்கு வரை நான் ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை இனி எழுதப் போகிறேன். சுதாவுக்கும் சொன்னதில்லை.

3

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு எனக்கு இருபத்திமூன்று வயது. அம்மாவும் அப்பாவும் போனபிறகு புத்தூரில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்காவுக்கு மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. அத்தான் தோட்டம் செய்கிறவர், வெங்காயமும் புகையிலையும் வைப்பார். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் தண்ணீர் இறைக்கும் மெசினைச் சாக்கால் மூடிவிட்டு, முந்திய காலத்து ஆட்கள் மாதிரித் துலாவில் இறைத்துக்கொண்டிருந்தார். நான் படிப்பு முடித்து வேலையில்லாமல் அவர்களின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். ஒருநாளும் அதை அவர்கள் எனக்குக் குத்திக் காட்டியதில்லை.

என் வயதுப் பொடியன்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வந்தார்கள். சிலர் போராடப் போனார்கள், சிலர் செத்தார்கள், சிலர் எப்படியோ வெளிநாடு போனார்கள். எனக்கு முதலாவதற்குத் துணிவில்லை, இரண்டாவதற்குப் பயம். மூன்றாவதற்கு வழியில்லை. நோர்வேயில் இருந்த பெரியப்பாவின் மகன், கொழும்புக்கு மட்டும் வந்து சேர், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று கடிதம் போட்டிருந்தான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே போக, அப்போது அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்தின் பாஸ் வேண்டும். என் வயதில் ஒருவனுக்குச் சும்மா பாஸ் கிடையாது. கடுமையான வருத்தக்காரரைக் கொழும்புக்குக் கொண்டுபோகிற துணையாள் என்றால் கொடுப்பார்கள். அதற்கும் வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வருடம்தான் அக்காவுக்குக் காணாக்கடி தொடங்கியது. முதலில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் போனோம். வெற்றிலையும் மிளகும் தந்து, கத்தரிக்காய், தக்காளி, இறால், நண்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். இறாலும் நண்டும் கண்ணில் கண்டே மாதக் கணக்கு என்று அத்தான் சிரித்தார். அயலில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஷெல் மருந்துப் புகை என்றார் ஒருவர். கோயிலுக்கு வைத்த நேர்த்தி ஒன்று தவறிப்போயிற்று என்றார் இன்னொருவர். அக்கா எல்லாவற்றையும் செய்து பார்த்தார். தடிப்பு தன் பாட்டில் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் விடிய எழும்பியபோது மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டது. பிள்ளை தாயைப் பார்த்துப் பயந்து அழுதது.

அதற்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே வருத்தக்காரரைப் பார்த்துவந்த ஒரு வயதான டொக்டரிடம் காட்டினோம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தான் மட்டும் போகமாட்டேன் என்று நின்ற மனிதர். அவருடைய கடிதத்துக்குப் பாஸ் கொடுக்கும் கந்தோரில் மதிப்பு இருந்தது. அக்காவுக்கு இரவில் ஒரு குளிசை எழுதினார். ஒரு மாதம் போட்டும் கேட்கவில்லை.

4

அந்த நாட்களில் ஒரு நடைமுறை இருந்தது. பஸ் இல்லை, வானத்தில் எந்த நேரமும் ஏதாவது சுற்றும். வருத்தக்காரரை ஒவ்வொரு முறையும் இழுத்துக்கொண்டு போக முடியாது. வீட்டிலுள்ள ஒருவர் மருந்துக் கொப்பியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போவார். இருக்கிற குணத்தை வாயால் சொல்லுவார். டொக்டர் கொப்பியில் ஆங்கிலத்தில் கிறுக்குவார். மருந்தைக் கட்டிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டியதுதான். யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்பட்டால் அந்த ஏற்பாடு ஒரு நாளும் நடந்திராது.

நான் கொப்பியோடு போய், ஒரு குளிசைக்குக் கேட்கவில்லை என்றேன்.

"ஒண்டு காணாது தம்பி" என்றார் டொக்டர். "சில பேருக்கு உடம்பு அப்பிடி. காலமை ரண்டு, இரவு ரண்டு குடும். நித்திரை தூங்கும், கிணத்தடிக்குத் தனிய விடாதையும். ஆறு கிழமை பாப்பம். கனபேருக்கு இதோடை அடங்கியிடும்."

"அதுக்கும் கேக்காட்டி ஐயா?"

"கேக்காட்டிக் கொழும்புக்குத்தான் எழுதவேணும். இஞ்சை என்னட்டை வேறை ஒண்டும் இல்லை."

உள்ளே மருந்து கட்டுகிறவர், தட்டுப்பாட்டுக்கு நடுவிலும் எங்கோ இருந்து எடுத்து ஒரு கிழமைக்கான இருபத்தெட்டுக் குளிசைகளைச் சுற்றித் தந்தார். "பவுத்திரமாக் கொண்டுபோம், இது இப்ப தங்கம்" என்றார்.

நல்லூர் தாண்டி, இருபாலை தாண்டி, கோப்பாய் வரைக்கும் நான் நல்ல தம்பியாகத்தான் சைக்கிள் மிதித்தேன். கொழும்புக்குத்தான் எழுதவேணும் என்ற அந்த ஒரு வரி மட்டும் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. புத்தூர்ச் சந்திக்கு வந்தபோது முடிவெடுத்துவிட்டேன். நான் குழம்பிப் போய்ச் செய்தேன், வயது அப்படி என்றெல்லாம் பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு பாழ்கிணறு இருந்தது. பழைய உறைக்குள் ஏழு குளிசைகளை எண்ணிப் போட்டேன். மிச்சம் இருபத்தொன்றையும் கிணற்றுக்குள் போட்டேன். வீட்டுக்குள் வந்து, "பழையபடி இரவிலை ஒண்டாம் அக்கா" என்றேன்.

"அதுக்குக் கேக்கேல்லை எண்டு சொன்னனீயே?"

"சொன்னனான். தொடர்ந்து போட்டாக் கேக்குமாம்."

"அப்ப சரி" என்றார் அக்கா.

ஒவ்வொரு கிழமையும் இதேதான். காய்ச்சல் குளிசை ஒன்றுக்காகத் தாய்மார் ஊர் ஊராகத் திரிந்த காலத்தில், ஒவ்வொரு கிழமையும் இருபத்தொரு குளிசையைக் கிணற்றில் போட்டேன். அக்காவுக்குப் பாயில் படுக்க முடியவில்லை. பாயின் முடைச்சல் பட்ட இடமெல்லாம் வரிவரியாகத் தடிக்கும். சாணி மெழுகிய நிலத்தில் வெறுமையாகப் படுப்பார். சொறிந்தால் புண்ணாகும் என்று தன் கைகளுக்கு அத்தானின் பழைய காலுறைகளைப் போட்டுக்கொள்வார். அந்தக் கையோடு விடிய எழும்பி எனக்குப் பிட்டு அவிப்பார். நான் இருந்து சாப்பிடுவேன்.

5

ஆறு கிழமை முடிந்து அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்தி டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பேனையின் பின்பக்கத்தால் அக்காவின் முன்கையில் ஒரு கோடு இழுத்தார். பார்த்துக்கொண்டிருக்கவே அந்தக் கோடு சிவந்து, மண்ணில் எறும்பு பாதை எடுத்தது போலத் திரண்டு வந்தது.

"குளிசை ஒழுங்காப் போட்டனீரோ பிள்ளை?"

"ஓம் ஐயா. ஒரு நாளும் விடேல்லை. தம்பி மறக்காமல் கொண்டுவந்து தாறவன்."

"நித்திரை தூங்கிறேல்லையோ?"

"நித்திரையோ? கண்ணை மூடியே எத்தினை நாள் ஐயா."

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு போட்டும் நித்திரை வரேல்லையோ" என்று தனக்குத்தானே சொன்னதுபோலச் சொன்னார். அந்தக் குளிசை நான்கு போட்டால் மாடும் படுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தாரோ, கடிதத்தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். நாளுக்கு நான்கு வீதம் ஆறு கிழமை கொடுத்தும் குணமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினார். எழுதி முடித்து, "உம்மடை தம்பியைப் போலை ஆள் இருந்தாக் காணும் பிள்ளை" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவுக்குப் பெருமையாக இருந்தது. வரும் வழியில் அதை இரண்டு தரம் சொன்னார்.

பாஸ் கந்தோரில் மேசையில் இருந்த பெண்பிள்ளை, "காட்டுங்கோ அக்கா" என்றாள். அக்கா சட்டைக் கையை உயர்த்திக் காட்டினார். அவள் முகத்தைச் சுளித்து, எனக்கும் சேர்த்து இரண்டு கிழமைக்குப் பாஸ் எழுதினாள். அத்தான் பிணைக் கடதாசியில் கையெழுத்து வைத்தார். தோட்டத்திலிருந்து நேரே வந்தவர், கைமண்ணை வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். "அக்காவை வடிவாக் காட்டிக்கொண்டு வா தம்பி" என்றார். பிள்ளையை அயலில் விட்டுவிட்டு மறுநாளே வெளிக்கிட்டோம்.

கொம்படியில் கடல்நீரேரிக்குள் இறங்கி நடந்துதான் குடாநாட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தது. சொறிந்து புண்ணான கால்களோடு அக்கா அந்த உப்புத் தண்ணீருக்குள் நடந்தார். நான் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

6

இதுவரை சொன்னதையாவது உயிருக்குப் பயந்தவன் செய்ததென்று சிலர் மன்னிக்கக் கூடும். இனிச் சொல்லப் போவதற்கு அந்தச் சாட்டும் கிடையாது.

கொழும்பில் தோல் வைத்தியர் ஆங்கிலத்தில் பேசினார். அக்காவுக்கு அந்தளவு ஆங்கிலம் ஓடாது. நான்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். அவர் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். நாளுக்கு நான்கு, ஆறு கிழமை, உண்மையில் போட்டாரா?

நான் கொழும்புக்கு வந்தாகிவிட்டது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் இல்லை ஐயா, ஒன்றுதான் போட்டார் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால், அந்த மலிவான குளிசையையே கூட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார், அக்கா பக்கத்தில் இருக்கிறார், என் குட்டு உடைந்துவிடும். வெட்கமாக இருந்தது. ஓம், போட்டார் என்றேன்.

"என்னவாம்?" என்று கேட்டார் அக்கா.

"மருந்து ஒழுங்காப் போட்டனீங்களோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு."

"சொல்லிப்போட்டன்."

அவர் ஸ்ரெரொயிட் குளிசை எழுதினார். இது கடுமையான மருந்து, குறுகிய காலத்துக்குத்தான், மெல்லமெல்லக் குறைக்க வேண்டும், ஒரு மாதத்தில் திரும்பக் கொண்டுவந்து காட்டு என்று எனக்குச் சொன்னார். ஒரு மாதத்தில் யார் எங்கே திரும்பக் கொண்டுவருவது? அதையும் நான் அக்காவுக்கு முழுதாகச் சொல்லவில்லை. குளிசையின் அளவை மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் அக்காவின் தோல் பளிங்குபோல் ஆகிவிட்டது. வெள்ளவத்தையில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜில் பதினொரு மணித்தியாலம் ஒரே மூச்சாக நித்திரை கொண்டு எழும்பி, "தம்பி, உனக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்றார்.

வவுனியா பஸ் நிற்கும் இடத்தில்தான் நான் வரவில்லை என்று சொன்னேன். ஊர்க்காரர் சிலர் அதே பஸ்சில் போகிறார்கள், அவர்களோடு போங்கள் என்றேன்.

"அத்தான் பிணையெல்லோ நிக்கிறார்?"

"அவரை ஒண்டும் செய்யாயினம் அக்கா."

"சரி, போ. போய்ச் சேந்தோடனை கடிதம் போடு" என்றார். பஸ்சில் ஏறி யன்னல் பக்கமாக இருந்தார். அழவில்லை.

பிணை நின்ற அத்தானை இயக்கத்தினர் இரண்டு மாதம் பங்கர் வெட்டக் கொண்டுபோனார்கள். வெங்காயம் தண்ணீரில்லாமல் வாடிப்போயிற்று. அக்கா அந்தக் குளிசையை நிறுத்தும்போதெல்லாம் காணாக்கடி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்து டொக்டர் அதற்குள் மாரடைப்பில் இறந்துவிட்டார். குறைப்பதெப்படி என்று சொல்ல ஆளில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு எடுப்பித்து, வருடக் கணக்காக அதையே போட்டார். முகம் பூசணிக்காய்போல உப்பிப்போயிற்று. ஊரே எலும்பும் தோலுமாய்த் திரிந்த நாட்களில், கொழும்புச் சாப்பாடு பிடிச்சிட்டுது என்று அயலில் சொன்னார்களாம். இன்றைக்கு அக்காவுக்குச் சீனி வருத்தம். எலும்பு உக்கி, மணிக்கட்டு இரண்டு தரம் முறிந்துவிட்டது.

ஊருக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். சொக்லேற்றும் சுவெற்றரும் கொண்டுபோனேன். அந்தப் பாழ்கிணற்றை மூடிவிட்டார்கள். அது மூடியிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

7

அபிக்கு நான்கு குளிசைக்கும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் தவறவிடவில்லை. ஒவ்வொரு நாளும் எத்தனை தடிப்பு, எவ்வளவு கடி என்று தொலைபேசியில் குறித்துக்கொண்டு வந்தாள். குளிசைப் பெட்டியைத் தன் அறையில்தான் வைத்திருந்தாள். ஒருநாள் நான் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டபோது, "ஏன் அப்பா, எனக்குக் கை இல்லையே?" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு மாதம் ஒரு ஊசி போடத் தொடங்கினார்கள். அதற்கும் படிவம், அனுமதி, காத்திருப்பு எல்லாம் இருந்தது. எல்லாவற்றையும் அவளே நிரப்பினாள்.

ஊசி தொடங்க முந்திய கிழமை அக்கா தொலைபேசி எடுத்தார். பிள்ளையின் வருத்தத்தைச் சுதா சொல்லியிருக்கிறாள்.

"தம்பி, நான் போட்ட குளிசையைக் குடுத்துப் பார். பேரை எழுதி வைச்சிருக்கிறன். எனக்கு உலகத்திலை அது ஒண்டுதானே கேட்டது."

"அது வேண்டாம் அக்கா."

"ஏன் வேண்டாம்? கைமருந்தில்லை, கொழும்பு டொக்டர் தந்தது."

இதற்கு மேல் ஒளிக்க இடமில்லை. சொன்னேன். கொப்பியில் நான்கு என்று எழுதியதைச் சொன்னேன், கிணற்றைச் சொன்னேன், கொழும்பில் மாறிச் சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் காகம் கத்துவது கேட்டது.

"ஆறு கிழமையுமோ?" என்றார் அக்கா.

"ஓம்."

"நான் நிலத்திலை படுத்துக் கிடக்கேக்கை நீ பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீ."

"ஓம் அக்கா."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நானே போடாமல் விட்டிருப்பனே. உன்னை அனுப்பவேணுமெண்டுதானே நாங்கள் எல்லாரும் நினைச்சது. ஆறு கிழமையில்லை, ஆறு மாதமும் கிடந்திருப்பன். என்னைக் கேக்காமல் ஏன்ரா ஏமாத்தினனீ?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சரி, அது போகட்டும். கொழும்பிலையாவது வாயைத் திறந்திருக்கலாமே. அங்கை வந்தாச்சுத்தானே. அங்கை என்ன பயம் உனக்கு?"

"பயமில்லை அக்கா. வெக்கம்."

"உன்ரை வெக்கத்துக்கு நான் முப்பது வரியம் குளிசை விழுங்கினனான்" என்றார். குரல் உயரவில்லை. பிறகு, தாழ்த்தி, "ஃபோனிலை அத்தானிட்டைச் சொல்லிப்போடாதை. வாறார்" என்றார்.

அத்தானுக்கு இப்போது பார்வை குறைவு. தொலைபேசியைத் தடவி வாங்கினார் போலும், ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பிள்ளையைச் சுகம் விசாரித்தார். கவலைப்படாதே, நல்ல டொக்டர்மார் உள்ள நாடு என்று ஆறுதல் சொன்னார்.

"அக்காவையும் நீ கொண்டுபோய்க் காட்டினபடியாத்தானே தம்பி அவள் தப்பினவள். எனக்கு அது காணும். அந்த ரண்டு மாதம் பங்கர் வெட்டேக்கையும் கை கொப்பளிச்சுப்போச்சு. நான் இவளைத்தான் நினைச்சனான். இவளுக்கு நல்ல மருந்து கிடைச்சிட்டுது, பெடியனும் தப்பிட்டான், நான் வெட்டினா என்ன எண்டு."

"ஓம் அத்தான்" என்றேன்.

8

இதை எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் என்னை நிறுத்தி, தம்பியைப் பற்றி டொக்டர் அப்படிச் சொன்னபோது தனக்குப் பெருமையாக இருந்தது உண்மைதான் என்றார்.

"இதை அனுப்பட்டோ அக்கா? ஊரிலை வாசிக்கிற ஆக்கள் இருக்கினம். அத்தானுக்குத் தெரியவரும்."

"அத்தானுக்குப் பேப்பர் வாசிக்கிறது நான்தான்" என்றார் அக்கா. "ஊர்ச்சனம் வந்து சொல்ல முந்தி அவர் பங்கர் வெட்டின இடத்தை நான் வாசிச்சுக் காட்டுறன். மிச்சத்தை நீ வந்து, அவருக்கு முன்னாலை இருந்து, உன்ரை வாயாலை சொல்லு."

சரி என்றேன். அது நடந்து மூன்று கிழமையாகிறது. நான் இன்னும் ஊருக்கு ரிக்கற் போடவில்லை.